கையெழுத்துக்கு முன்னால் போடும் மனு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் என்றால் காலை ஏழரைக்கே மர நிழலில் மேஜையைப் போட்டுவிடுவேன். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, பங்காளி வேலியைத் தள்ளிப் போட்ட தகராறு என்று இருபத்தெட்டு வருஷமாக இதே பிழைப்பு. வந்து உட்காருகிறவரிடம் நான் முதலில் கேட்பது "யாருக்கு?" என்றுதான். பெறுநர் யாரென்று தெரியாமல் பேனாவைத் திறந்தால் மை வீண்.

2018 வாக்கில் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து மூன்று பெண்கள் வந்தார்கள். முந்திரிக்கொட்டை உடைக்கிறவர்கள். ஓட்டு எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருந்தது. அதில் ஒருத்தி எனக்குப் பழக்கம். ரேஷன் கடை மெஷினில் கைரேகை விழவில்லை என்று முந்தின வருஷம் மனு எழுதிக்கொண்டு போனவள். இந்த முறை கதை வேறு. வாரத்துக்கு ஆறு நாள் இருந்த வேலை மூன்று நாளாகிவிட்டது. "வெளிநாட்டுலேர்ந்து உரிச்ச பருப்பாவே வந்து இறங்குதாம் அண்ணே. ஏதோ ஒப்பந்தமாம். அதை நிறுத்தச் சொல்லி எழுதுங்க."

யாருக்கு எழுதுவது? கலெக்டர் பட்டா தருவார், பாகப்பிரிவினைக்குத் தாசில்தாரிடம் அனுப்புவார். பாங்காக்கில் வர்த்தக ஒப்பந்தத்தில் போட்ட கையெழுத்தை அவர் என்ன செய்வார்? அந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடிப்போனதில் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். உங்கள் ஊரில் சங்கம், மகளிர் குழு, பால் சொசைட்டி என்று ஏதாவது இருந்தால் உபயோகப்படும்.

பதினான்கு கோரிக்கை வைத்த கதை

அன்றைக்கு ஆர்வக்கோளாறில் நான்கு பக்கம் எழுதினேன். உலகமயமாக்கல், ஏகாதிபத்தியம், பன்னாட்டு முதலாளிகள் எல்லாம் இருந்தார்கள். கோரிக்கை மட்டும் பதினான்கு. டெல்லிக்கு அனுப்பினோம். இரண்டு மாதம் கழித்து, 'உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது' என்று ஒரு வரி வந்தது. அப்புறம் இன்னோர் அலுவலகத்திலிருந்து அதே வரி. கடைசியில் மனு சுற்றிச் சுற்றி ஊருக்கே வந்து, சுயதொழிலுக்குக் கடன் வேண்டுமானால் இத்துடன் இணைத்துள்ள படிவத்தை நிரப்பவும் என்ற பதிலோடு படுத்துக்கொண்டது. தப்பு என்னுடையது. பதினான்கு கோரிக்கை இருந்தால், படிக்கிறவர் தனக்குச் சௌகரியமான பதினைந்தாவதற்குப் பதில் சொல்வார்.

அதற்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட முறை: ஒரு மனுவுக்கு ஒரு பொருள், அந்தப் பொருளைத் தொடும் ஒரு வரி, அந்த வரியை மாற்றக்கூடிய ஒரு ஆள். முந்திரி என்றால் முந்திரி மட்டும். மருந்துக்கு வேறு மனு.

பெறுநர் யார், எப்போது

நம் நாட்டில் வர்த்தக ஒப்பந்தத்தை நாடாளுமன்றம் ஓட்டுப் போட்டு ஏற்க வேண்டும் என்று சட்டம் இல்லை. வெளிநாட்டோடு ஒப்பந்தம் போடுவது அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மத்தியப் பட்டியலின் 14ஆவது இனம். வணிக அமைச்சகம் பேசும், அமைச்சரவை ஒப்புக்கொள்ளும், கையெழுத்தாகும். சட்டத்தைத் திருத்த வேண்டி வந்தால்தான் 253ஆவது பிரிவின் கீழ் நாடாளுமன்றத்துக்கு வரும். ஐரோப்பாவில் அப்படி இல்லை. அங்கே 'ஆக்டா' என்ற கள்ளச்சரக்குத் தடுப்பு ஒப்பந்தத்தில் அரசுகள் கையெழுத்துப் போட்ட பிறகும், தெருவில் இறங்கிய மக்களுக்குப் பயந்து 2012 ஜூலையில் ஐரோப்பிய நாடாளுமன்றம் 478க்கு 39 என்ற ஓட்டில் தூக்கி எறிந்தது. நமக்கு அந்தக் கதவே கிடையாது. ஆகவே நம் வேலையெல்லாம் கையெழுத்துக்கு முன்னால்.

இதற்குப் பக்கத்து ஊர் உதாரணமே இருக்கிறது. ஆசியான் என்ற தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்போடு சரக்கு ஒப்பந்தம் 2009 ஆகஸ்ட் 13 அன்று பாங்காக்கில் கையெழுத்தானது. கேரளத்தில் ரப்பர், மிளகு, மீன் எல்லாம் அடிபடும் என்று அக்டோபர் 2ஆம் தேதி காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரம் வரை மனிதச் சங்கிலி நின்றது. எவ்வளவு பெரிய கூட்டம்! ஒப்பந்தம் 2010 ஜனவரி 1 அன்று சொன்னபடி அமலுக்கு வந்தது. பத்து வருஷம் கழித்து ஆர்.சி.இ.பி. என்ற வர்த்தக ஒப்பந்தத்துக்காகப் பதினாறு நாடுகள் பேசிக்கொண்டிருந்தபோது பால்காரர்கள் முன்கூட்டியே விழித்துக்கொண்டார்கள். நியூசிலாந்துப் பால்பவுடர் வந்தால் சொசைட்டிப் பாலுக்கு என்ன விலை கிடைக்கும் என்று குஜராத்திலிருந்து தமிழ்நாடு வரை கேட்டார்கள். நானும் ஒரு பால் சங்கத்துக்காக உட்கார்ந்து ஐம்பது பைசா அஞ்சலட்டையில் எழுதித் தள்ளினேன். கறக்கும் மாடு எத்தனை, லிட்டருக்கு என்ன கிடைக்கிறது என்று ஆளாளுக்கு அவரவர் கணக்கு. 2019 நவம்பர் 4 அன்று, கையெழுத்துக்கு முன்னாலேயே, இந்தியா வெளியே வந்தது. எங்கள் அஞ்சலட்டையால் வந்தது என்று நான் மார் தட்டவில்லை. ஆனால் அந்த அட்டைகள் சரியான மாதத்தில் போய்ச் சேர்ந்தன.

இன்னொரு பெறுநர் உண்டு, பலரும் மறந்துவிடுவார்கள்: மாநில அரசு. விவசாயமும் கரையோர மீன்பிடிப்பும் மாநிலப் பட்டியலில் இருப்பவை. முதலமைச்சருக்கும் வேளாண் அமைச்சருக்கும் எழுதும்போது "ஒப்பந்தத்தை நிறுத்துங்கள்" என்று கேட்காதீர்கள். அது அவர்கள் கையில் இல்லை. "இந்தப் பொருளை, வரி குறைக்காத விலக்குப் பட்டியலில் வைக்கச் சொல்லி டெல்லிக்கு எழுதுங்கள், எழுதிய கடிதத்தின் நகலை எங்களுக்குக் கொடுங்கள்" என்று கேளுங்கள். அதை அவர்களால் செய்ய முடியும். அப்புறம் எம்.பி. அவரைப் போய்ப் பார்த்து மாலை போடுவதைவிட, நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டிய கேள்வியை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். கேள்விக்கு முன்கூட்டியே நோட்டீஸ் தர வேண்டும் என்பதால் கூட்டத்தொடர் தொடங்கும் முன்பே கொடுக்க வேண்டும்.

பொருளுக்கு ஒரு எண்

பண்ருட்டிப் பெண்களின் விஷயத்துக்கு வருகிறேன். ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிற என் அக்கா மகனோடு பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்தேன். அவன்தான் போனைத் திறந்து காட்டினான். உலகத்தில் விற்கிற எல்லாச் சரக்குக்கும் ஓர் எண் இருக்கிறது. முதல் ஆறு இலக்கம் எல்லா நாட்டுக்கும் பொது. ஓட்டோடு உள்ள முந்திரிக்கொட்டை 080131. உரித்த பருப்பு 080132. இந்தியாவில் அதையே எட்டு இலக்கமாக்கி, உடைந்த பருப்பு 08013210, முழுப்பருப்பு 08013220 என்று பிரித்திருக்கிறார்கள்.

"மாமா, இந்த 31க்கும் 32க்கும் நடுவுலதான் அவங்க வேலை இருக்கு" என்றான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. கொட்டை உள்ளே வந்தால் பண்ருட்டியில் கைக்கு வேலை. பருப்பாக வந்தால் இல்லை. கொட்டையிலும் பாதி ஆப்பிரிக்காவிலிருந்துதான் வருகிறது. நான் முதலில் எழுதிய மாதிரி 'வெளிநாட்டு முந்திரியை நிறுத்து' என்று அரசு அப்படியே நிறுத்தியிருந்தால், மிச்சமிருந்த மூன்று நாள் வேலையும் போயிருக்கும்!

எந்த ஒப்பந்தமாக இருந்தாலும் இதையே செய்யுங்கள். உங்கள் பொருளின் எண்ணைக் கண்டுபிடியுங்கள். ஒப்பந்தத்தின் இணைப்பில் வரி அட்டவணை இருக்கும், நூற்றுக்கணக்கான பக்கம். பயப்பட வேண்டாம், எண்ணைப் போட்டுத் தேடினால் ஒரே வரி. அதில் இப்போதைய வரி எவ்வளவு, எத்தனை வருஷத்தில் எவ்வளவாகக் குறையும், விலக்குப் பட்டியலில் இருக்கிறதா என்று தெரியும். கையெழுத்தான ஒப்பந்தங்களின் முழு வாசகம் வணிகத் துறையின் இணையதளத்தில் கிடைக்கும். துறைமுகத்தில் இன்றைக்கு என்ன வசூலிக்கிறார்கள் என்பது சுங்க அறிவிக்கையில் இருக்கும். ஆசியானுக்கு அது 46/2011.

முந்திரிக்கு ஒப்பந்தத்தைத் திருத்துவதைவிடக் கிட்டத்தில் ஒரு கதவு இருந்தது. உள்ளே வரும் பருப்புக்குக் குறைந்தபட்ச இறக்குமதி விலை என்று ஒன்று வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் வைத்திருக்கிறது. அதை ஏற்றச் சொல்லி ஒரு பக்க மனு எழுதினோம். எண், ஊர், எத்தனை பெண்களுக்கு எத்தனை நாள் வேலை போனது, அவ்வளவுதான். 2019 ஜூனில் உடைந்த பருப்புக்குக் கிலோ 680 ரூபாய், முழுசுக்கு 720 என்று உயர்த்தினார்கள். அடுத்த மாத பட்ஜெட்டில் வரியும் 45 சதவீதத்திலிருந்து 70 ஆனது. முந்திரித் தொழில் நடக்கும் கேரளத்துக் கொல்லத்துக்காரர்கள் எங்களைவிடச் சத்தமாகக் கேட்டிருந்தார்கள் என்பது வேறு விஷயம். என் பங்குக்கு, ஒரு மனு ஊர் சுற்றாமல் போய்ச் சேர்ந்தது.

குண்டு விழுந்த தூரம்

வரி அட்டவணை வெளிமதில் மாதிரி. கம்பெனிகளுக்கு வேண்டியது உள்ளே, முதலீடு, அறிவுசார் சொத்து, அரசுக் கொள்முதல் என்று தலைப்பிட்ட அத்தியாயங்களில் இருக்கும். அங்கே எண் கிடையாது, வார்த்தைதான். வார்த்தையை எப்படிப் படிப்பது என்பதற்குக் கடலூர்க்காரனுக்கு வெளியிலிருந்து பாடம் வேண்டாம்.

தேவனாம்பட்டினத்தில் செயிண்ட் டேவிட் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1690இல் மராத்தியரிடமிருந்து வாங்கியது. கோட்டையோடு சுற்றுவட்ட நிலமும் விலைக்கு. எவ்வளவு நிலம்? பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை. கம்பெனிக்காரர்கள் மெட்ராஸிலிருந்து பீரங்கி கொண்டுவந்து நாலா பக்கமும் சுட்டார்கள். குண்டு விழுந்த இடம் வரைக்கும் கம்பெனிக்கு. அதற்குள் அடங்கியவற்றைக் குண்டு கிராமங்கள் என்றே சொன்னார்கள். எழுதிக் கொடுத்தவர் மனதில் என்ன தூரம் இருந்ததோ; சுட்டவர் கையில் இருந்த பீரங்கிதான் தூரத்தை முடிவு செய்தது.

ஒப்பந்தத்தில் இப்படிப்பட்ட பீரங்கி வார்த்தைகளைத் தேடுங்கள். ஆங்கிலத்தில்தான் இருக்கும், ஆகவே காதில் விழும்படி சொல்கிறேன். 'ஃபேர் அண்ட் ஈக்விடபிள் ட்ரீட்மென்ட்' என்றால் முதலீட்டாளரை நியாயமாக நடத்த வேண்டும். எது நியாயம்? 'இன்டைரக்ட் எக்ஸ்ப்ரோப்ரியேஷன்' என்றால் மறைமுகப் பறிமுதல். நிலத்தைப் பிடுங்காமல், ஒரு விதியால் லாபத்தைக் குறைத்தாலும் பறிமுதல்தானா? இதற்கெல்லாம் அர்த்தம் சொல்வது நம் நீதிமன்றம் இல்லை. முதலீட்டாளர் - அரசு தகராறுத் தீர்வு என்ற ஏற்பாட்டில், பெரும்பாலும் வெளிநாட்டில் உட்காரும் மூன்று நடுவர்கள். கம்பெனி அரசின் மேல் வழக்குப் போடலாம். ஊர்க்காரர் கம்பெனியின் மேல் அங்கே போட முடியாது.

குடிகாடு பக்கம் ஒரு கூட்டத்தில் இதைச் சொன்னபோது யாருக்கும் விளங்கவில்லை. சரி என்று வேறு விதமாகச் சொன்னேன். "வெளிநாட்டுப் பணம் போட்ட ஆலை ஒன்றை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாற்றத்துக்காக மூடச் சொல்லுதுன்னு வெச்சுக்கோங்க. ஆலைக்காரர் இங்கே கோர்ட்டுக்குப் போகாம, எனக்கு வர வேண்டிய லாபம் போச்சுன்னு அரசாங்கத்துகிட்ட நஷ்டஈடு கேட்டு வெளியூர்ல கேஸ் போடலாம். நாத்தம் புடிச்ச நீங்க அந்த ரூமுக்குள்ள போக முடியாது." பின்வரிசையில் ஒரு பெரியவர், "அப்ப மூடறதுக்கு முன்னாடியே அதிகாரி கை நடுங்கும்ல?" என்றார். நான் அரை மணி நேரம் சொல்ல நினைத்தது அதுதான்.

அந்த நடுக்கம் நிஜம். சிகரெட் பெட்டியில் கம்பெனி சின்னமே இருக்கக்கூடாது என்று ஆஸ்திரேலியா 2011இல் சட்டம் போட்டது. பிலிப் மோரிஸ், ஹாங்காங்கோடு இருந்த ஒப்பந்தத்தைப் பிடித்து வழக்குப் போட்டது. 2015 டிசம்பரில் நடுவர்கள் தள்ளுபடி செய்தார்கள், ஆஸ்திரேலியா ஜெயித்தது. ஆனால் அந்த முடிவு வரட்டும் என்று நியூசிலாந்து தன் சட்டத்தைத் தள்ளிப்போட்டுக் காத்திருந்தது. நமக்கும் அடி விழுந்திருக்கிறது. கோல் இந்தியாவோடு தகராறில் இருந்த ஒயிட் இண்டஸ்ட்ரீஸ் என்ற ஆஸ்திரேலியக் கம்பெனி, இந்திய நீதிமன்றத்தில் தாமதம் என்று சொல்லி 2011இல் ஜெயித்தது. எதை வைத்து? இந்தியா - ஆஸ்திரேலியா ஒப்பந்தத்தில் இல்லாத ஒரு வரியை, இந்தியா - குவைத் ஒப்பந்தத்திலிருந்து எடுத்து வைத்து! வேறு நாட்டுக்குக் கொடுத்த சலுகை எனக்கும் உண்டு என்று கேட்கவைக்கும் 'மோஸ்ட் ஃபேவர்ட் நேஷன்' என்ற வாசகம் அந்த வழியைத் திறந்துவிட்டது. இதுவும் ஒரு பீரங்கி வார்த்தை, குறித்துக்கொள்ளுங்கள். 2020இல் வரி விவகாரத்தில் வோடஃபோன் ஜெயித்தது, அதே வருஷக் கடைசியில் கெய்ர்ன். கெய்ர்னுக்கு மட்டும் 120 கோடி டாலருக்கு மேல். பின்தேதியிட்டு வரி போட்டது சரியா என்றால், எனக்கும் அது சரியாகப் படவில்லை. ஆனாலும் தீர்ப்பு எந்த ஊரில் எழுதப்பட்டது என்பது உறுத்துகிறது.

இதெல்லாம் பார்த்துத்தான் இந்தியா பழைய முதலீட்டு ஒப்பந்தங்கள் பலவற்றை முறித்து, 2016இல் புது மாதிரி வாசகம் கொண்டுவந்தது: கம்பெனி முதலில் ஐந்து வருஷம் உள்ளூர் நீதிமன்றத்தில் முயன்று பார்க்க வேண்டும். 2024இல் ஐக்கிய அரபு அமீரகத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் அந்த ஐந்து மூன்றாகிவிட்டது. மனு எழுதும்போது இதைக் கேளுங்கள்: "ஐந்து வருஷத்தைக் குறைக்காதே." 'ஏகாதிபத்தியம் ஒழிக' என்பதைவிட இதற்குப் பதில் சொல்வது அவர்களுக்குக் கஷ்டம்.

மாத்திரை அட்டையோடு போங்கள்

என் மைத்துனிக்கு ரத்தப் புற்றுநோய். இமாட்டினிப் மாத்திரை. வெளிநாட்டுக் கம்பெனியின் மாத்திரை மாதம் 1,20,000 ரூபாய் என்றிருந்த காலத்தில், இந்தியக் கம்பெனிகள் அதே மருந்தை எட்டாயிரம், பத்தாயிரத்துக்குக் கொடுத்தன. எட்டாயிரத்துக்கே நாங்கள் நகையை வைத்தோம். அவள் இப்போது பேரன் காதுகுத்துக்குப் பத்திரிகை வைத்துக்கொண்டிருக்கிறாள்.

அந்த மருந்துக்கு நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் மறுத்தது. எதிர்த்தவர்களில் புற்றுநோயாளிகளுக்கு உதவும் சங்கம் ஒன்றும் இருந்தது. பழைய மருந்தைக் கொஞ்சம் மாற்றிப் புதுசு என்று சொல்ல முடியாது என்கிறது நம் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு. கம்பெனி அந்தப் பிரிவே உலக வர்த்தக அமைப்பின் விதிக்கு முரண் என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அதைத் தீர்க்கும் இடம் இது இல்லை என்று 2007இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. உலக வர்த்தக அமைப்பில் நாட்டின் மேல் நாடுதான் வழக்குப் போட முடியும். 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றத்திலும் கம்பெனி தோற்றது. இதையே கம்பெனி நேரடியாக நாட்டின் மேல் போட வழியிருந்தால்? கனடாவில் எலி லில்லி அப்படித்தான் போட்டது. தன் இரண்டு காப்புரிமைகளைக் கனடா நீதிமன்றங்கள் ரத்து செய்ததற்கு 50 கோடி கனடா டாலர் கேட்டது. 2017இல் தோற்றது. தோற்கும்வரை கனடா வக்கீல் வைத்து மல்லுக்கட்டியது.

மருந்து அத்தியாயத்தில் தேட வேண்டிய வார்த்தை 'டேட்டா எக்ஸ்குளூசிவிட்டி'. முதல் கம்பெனியின் சோதனைத் தகவலை வைத்து இன்னொரு கம்பெனி மலிவு மருந்துக்கு அனுமதி வாங்குவதை இத்தனை வருஷத்துக்குத் தடுப்பது. காப்புரிமை இல்லாத மருந்துக்கும் இது பூட்டுப் போடும். ஐரோப்பிய ஒன்றியம் இதைக் கேட்டபோது, 2011 மார்ச்சில் ஹெச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் டெல்லித் தெருவில் நடந்தார்கள். மாத்திரை சாப்பிடுகிறவரே நடந்தால் அதற்கு ஒரு எடை உண்டு. காசநோயிலிருந்து மீண்ட நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலேவும் பெடாகுவிலின் மருந்தின் காப்புரிமை நீட்டிப்பை எதிர்த்து மனுப் போட்டு 2023இல் ஜெயித்தார்கள். காப்புரிமைச் சட்டம் 25(1) பிரிவின் கீழ் காப்புரிமை தருவதற்கு முன் யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம். முன்பெல்லாம் கட்டணமே இல்லை. 2024 மார்ச் 10 அன்று சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு நாடுகளோடு வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது. மார்ச் 15 அன்று திருத்திய காப்புரிமை விதிகள் வந்தன. அதில் எதிர்ப்பு மனுவுக்குக் கட்டணமும், மனு ஏற்கத்தக்கதா என்ற முன்சோதனையும் சேர்ந்துவிட்டன. தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன், அவ்வளவுதான். அந்த விதிகளின் வரைவு 2023 ஆகஸ்டிலேயே வெளியாகி, கருத்துச் சொல்ல 30 நாள் கொடுத்திருந்தார்கள். அந்த 30 நாளில் நம் மாவட்டத்திலிருந்து எத்தனை பேர் எழுதினோம்? நான் எழுதவில்லை. அரசிதழைப் பார்க்கும் பழக்கமே அப்போது இல்லை. இப்போது வாரம் ஒருமுறை பார்க்கிறேன்.

யாரைக் கூப்பிட்டுப் பேசினார்கள்

தகவல் உரிமைச் சட்டத்தில் 'பேச்சுவார்த்தை வரைவைக் கொடு' என்று கேட்டால் 8(1)(ஏ) என்று திருப்பி அனுப்புவார்கள்: நாட்டின் பொருளாதார நலன், வெளிநாட்டு உறவு. அதோடு மல்லுக்கட்டி வருஷத்தைத் தொலைக்காதீர்கள். வேறு கேளுங்கள். நான் எழுதும் கேள்விகள் இவை:

"மேற்படி ஒப்பந்தம் தொடர்பாக 2022 ஜனவரி முதல் இன்றுவரை அமைச்சகம் நடத்திய கலந்தாலோசனைக் கூட்டங்களின் தேதி, இடம், கலந்துகொண்ட நிறுவனங்கள், தொழில் அமைப்புகள், விவசாய, மீனவ, நோயாளர் சங்கங்களின் பெயர்ப் பட்டியல் தருக. தமிழ்நாடு அரசிடம் கருத்துக் கேட்டு அனுப்பிய கடிதங்களின் நகல் தருக. ஒரு பகுதி மறுக்கப்படுமானால் சட்டப்பிரிவு 10இன்படி மறுக்க முடியாத பகுதியைப் பிரித்துத் தருக."

யாரோடு டீ குடித்தீர்கள் என்பது ராணுவ ரகசியம் இல்லை. ஐரோப்பாவில் இது பெரிய வழக்காகவே போனது. இந்தியாவோடு நடந்த பேச்சு பற்றிய ஆவணங்களை ஐரோப்பிய ஆணையம் தொழிலதிபர் அமைப்புகளுக்கு முழுசாக அனுப்பியிருந்தது. அதையே ஒரு கண்காணிப்புக் குழு கேட்டபோது சில பகுதிகளை மறைத்துக் கொடுத்தது. குழு வழக்குப் போட்டு 2013இல் தோற்றது. தோற்றாலும், கதவுக்கு உள்ளே யார், வெளியே யார் என்பது ஊருக்குத் தெரிந்துவிட்டது.

கட்டணம் பத்து ரூபாய், வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தால் அதுவும் இல்லை. இணையத்திலும் போடலாம். பதிலுக்கு 30 நாள். வராவிட்டாலோ மறுத்தாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு; இந்தத் தேதியைத் தவறவிடுகிறவர்கள்தான் அதிகம், காலண்டரில் வட்டம் போடுங்கள். அந்தந்தப் பகுதியின் ஆட்சிமொழியில் எழுதலாம் என்று சட்டமே சொல்வதால் தமிழில் தாராளமாக எழுதலாம். நான் பின்னால் ஓர் ஆங்கிலத் தாளும் வைப்பேன். சட்டத்துக்காக இல்லை, வேகத்துக்காக. பதிவுத் தபால் 2025இல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது, ரசீதை மட்டும் பத்திரப்படுத்துங்கள்.

ஐரோப்பாவை எழுத வேண்டாம்

கிராம சபைத் தீர்மானம் டெல்லியைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் மனுவோடு நாற்பது தீர்மான நகல் இணைத்தால் எடை தெரியும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு வாய்ப்பு. 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் வந்திருக்க வேண்டும். சின்ன ஊர் என்றால், 500 பேருக்குள், 50 போதும். கையெழுத்துப் பக்கத்தில் ஆள் குறைந்தால் தீர்மானம் செல்லாது.

குறிஞ்சிப்பாடி பக்கத்தில் ஓர் ஊராட்சிக்கு அக்டோபர் 2 அன்று, ஐரோப்பிய ஒன்றியத்தோடு பேசும் ஒப்பந்தம் பற்றித் தீர்மானம் கேட்டு நானும் போயிருந்தேன். செயலர் தீர்மானப் புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு, "சார், ரோடு, தண்ணி, தெருவிளக்குன்னா எழுதலாம். ஐரோப்பான்னு எப்படி எழுதறது? மேலே கேப்பாங்க" என்றார். அவர் சங்கடம் எனக்குப் புரிந்தது. முன்வரிசையில் மடியில் முறத்தோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா சொன்னார்: "ஐரோப்பாவை எழுத வேணாம் தம்பி. எங்க வெதைநெல்லை எழுது." அவர் சொன்னதைத்தான் கொஞ்சம் சட்ட பாஷையில் போட்டேன்:

"இவ்வூராட்சி விவசாயிகள் தங்கள் விளைச்சலிலிருந்து விதை எடுத்துவைக்கவும், மறுபடி விதைக்கவும், அண்டை அயலாரோடு மாற்றிக்கொள்ளவும், விற்கவும் 2001ஆம் ஆண்டு பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் பிரிவு 39 வழங்கும் உரிமையைக் குறைக்கும் எந்த வாசகத்தையும், குறிப்பாக யூபோவ் 1991 என்ற பன்னாட்டுப் பயிர் ரக உரிமை ஒப்பந்தத்தில் சேரும் கடப்பாட்டை, எந்த வர்த்தக ஒப்பந்தத்திலும் ஏற்கக் கூடாது என மத்திய அரசையும், இதனை வலியுறுத்தும்படி மாநில அரசையும் இக்கிராம சபை கேட்டுக்கொள்கிறது."

செயலர் இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு எழுதினார். தெருவிளக்குத் தீர்மானத்துக்கு அடுத்த எண்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இந்த வழி அடைபட்டிருக்கிறது. அங்கே உள்ளாட்சித் தேர்தல் கடைசியாக நடந்தது 2006இல். பாகூர், வில்லியனூர் நண்பர்கள் தொகுதி எம்.எல்.ஏ.வைப் பிடித்துச் சட்டசபையில் பேசவைக்கத்தான் பார்க்க வேண்டும்.

கூட்டத்துக்கு இரண்டு வார்த்தை

மைக் வேண்டாம், இருபது நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். கையில் பொருள் இருக்கட்டும்: மாத்திரை அட்டை, ஒரு பிடி நெல், இரண்டு முந்திரி, ஒன்று ஓட்டோடு, ஒன்று உரித்து. வாட்ஸ்அப்பில் வந்ததைப் படிக்காதீர்கள். 'உலக வர்த்தக அமைப்பு ரேஷன் கடையை மூடச் சொல்லிவிட்டது' என்று ஒருவர் தேவனாம்பட்டினத்தில் அடித்துவிட்டார், கூட்டம் கொதித்தது. மறுநாள் ஒரு வாத்தியார் வந்து, 2013இல் பாலியில் நடந்த மாநாட்டில் உணவு இருப்புத் திட்டங்களின் மேல் வழக்குப் போட மாட்டோம் என்று தற்காலிக ஏற்பாடு செய்திருக்கிறார்கள், நிரந்தரத் தீர்வுதான் இழுத்துக்கொண்டிருக்கிறது என்று எடுத்துச் சொன்னார். அதற்குப் பிறகு நாங்கள் மீன் மானியத்தைப் பற்றிச் சொன்ன உண்மையையும் யாரும் நம்பவில்லை. உலக வர்த்தக அமைப்பின் அந்த மீன் மானிய ஒப்பந்தம் 2022 ஜூன் 17இல் ஏற்கப்பட்டு, 2025 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. அளவுக்கு மீறிய மீன்பிடிப்பு பற்றிய இரண்டாம் பகுதி இன்னும் பேச்சில் இருக்கிறது. டீசல் மானியம் அதில்தான் வரும். மீனவப் பஞ்சாயத்தார் கவனிக்க வேண்டியது அந்த இரண்டாம் பகுதியை.

வியட்நாம்காரன், ஆப்பிரிக்காக்காரன் என்று யாராவது வசைபாட ஆரம்பித்தால் தடுத்துவிடுங்கள். அங்கேயும் கொட்டை உடைக்கிறவளின் விரல் இதே கறுப்புத்தான்.

அந்த மூன்று பெண்களில் மூத்தவர் போன மாதம் மறுபடி வந்தார். மகளுக்கு வாரிசுச் சான்றிதழ். எழுதி முடித்ததும் எழுந்திருக்கவில்லை. "பிரிட்டன்காரங்களோட ஒண்ணு போட்டாங்களாமே அண்ணே, அதுல நம்ம நம்பர் எங்க இருக்கு?" என்றார். 2025 ஜூலை 24இல் கையெழுத்தானது அது. போனைத் திறந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, 080132 என்று அடித்தேன். இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம்.